1/6 விஜயந்தா, 80 கிலோ: பேட்டரி எது, ரேடியோ எது?

கொண்டலாம்பட்டி_தறி

எல்லோருக்கும் வணக்கம். நம் ராணுவத்தின் பழைய விஜயந்தா டாங்கியை 1/6 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். உடல் 132 செ.மீ. நீளம், 53 அகலம், குழலையும் சேர்த்தால் 163. ப்ளைவுட் பெட்டி, மேலே அலுமினியத் தகடு, டிராக் மட்டும் எஃகு. லேசரில் வெட்டி வாங்கி ஒவ்வொரு கண்ணியாகப் பின் அடித்துக் கோத்தது, அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும். எல்லாம் ஏறினால் 80 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். மோட்டார் இரண்டு, இ-பைக்குக்கு வரும் எம்ஒய்1016இசட், 24 வோல்ட் 250 வாட், கியர் பெட்டியோடு. அதெல்லாம் வாங்கியாயிற்று.

தொங்கிக்கொண்டிருப்பது பேட்டரியும் வண்டியை ஓட்டும் ரேடியோ ரிமோட்டும். யுபிஎஸ் பேட்டரி 12 வோல்ட் 18 ஏஎச் (ஆம்பியர்-மணி) இரண்டு போட்டால் போதும் என்கிறார் ஒருவர், லித்தியம் இல்லாவிட்டால் கட்டவே கட்டாதே என்கிறார் இன்னொருவர். ரேடியோவுக்கு ஃப்ளைஸ்கை ஐ6 போதுமா? ஊரில் பள்ளி மைதானத்தில் ஓட்டுவேன், அப்புறம் ஏற்காட்டில் மாமா எஸ்டேட்டில் காபி காயவைக்கும் களமும் அதிலிருந்து கீழே இறங்கும் மண் பாதையும் இருக்கின்றன, ஆசையே அங்கே ஓட்டத்தான். தறி ஓட்டுபவனுக்கு மோட்டார் புதிதல்ல, ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மூணு ஃபேஸ். டிசி பக்கம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சங்ககிரி_24வோல்ட்

அண்ணா, 24 வோல்ட் என்று முடிவு செய்தது நல்லது. லாரி முழுக்க 24 வோல்ட்தான் என்பதால் கட்-ஆஃப் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் பெட்டி, தடித்த கேபிள், லக்கு என்று உங்களுக்கு வேண்டிய அத்தனையும் லாரி ஸ்பேர்ஸ் கடையில் கிடைத்துவிடும், ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. 24 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான். கார் ரிலேயின் 12 வோல்ட் காயிலில் 24 கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

பேட்டரிக்கு வருகிறேன். கார் பேட்டரி, லாரி பேட்டரி இரண்டும் வேண்டாம். அவை வண்டியைக் கிளப்புவதற்காகச் செய்தவை. மெல்லிய தகடுகள், சில நொடி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஆல்டர்னேட்டரிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் படுத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் ஆழமாக இறங்கத் தாங்கும், ஆனால் 150 ஏஎச் ஒன்றே 50 கிலோவைத் தாண்டும், மேட்டில் சாய்ந்தால் ஆசிட் வெளியே வரும். உங்களுக்கு ஏற்றது சீல்டு யுபிஎஸ் வகைதான். 18 ஏஎச் இரண்டும் சேர்த்து 11 கிலோ, சாய்த்தாலும் ஒழுகாது, சார்ஜர் எந்த ஊரிலும் கிடைக்கும். என் ஓட்டு அதற்கு.

கொலுசுப்பட்டறை

ஈயத்தைத் தூக்கிப் போடுங்க அண்ணா.

பேட்டரி மேல் 18 ஏஎச் என்று அச்சடித்திருக்கிறதே, அது 20 மணி நேரக் கணக்கு. 0.9 ஆம்பியர் வீதம் மெல்ல மெல்ல உறிஞ்சினால்தான் 18. நீங்கள் 15, 20 ஆம்பியர் இழுக்கும்போது 60 சதவீதம் கிடைத்தாலே பெரிது, அதையும் கடைசி வரை இறக்கினால் ஆயுள் போய்விடும். பாதியில் நிறுத்தினால் ஏறக்குறைய இருபது நிமிட ஓட்டம்தான், அதற்கு ஏற்காடு வரை போக வேண்டுமா? சேலத்து வெயில் வேறு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

எல்எஃப்பி போடுங்கள், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட், எட்டு செல் வரிசையாகக் கோத்தால் 25.6. உருளையாக வரும் 32700 செல் ஒன்று 6 ஏஎச், எடை ஏறக்குறைய 140 கிராம். எட்டு வரிசை, நான்கு இணை என்று 32 செல் வைத்தால் 24 ஏஎச், செல் எடை நாலரை கிலோதான். அதில் 80 சதவீதத்தைப் பயமில்லாமல் எடுக்கலாம், வோல்டேஜும் கடைசி வரை பெரிதாக இறங்காது. ட்ரோனுக்கு வரும் லிபோவைச் சிலர் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். மூடிய பெட்டிக்குள், ஆடும் வண்டியில், இந்த வெயிலில், குத்தினால் தீப்பிடிக்கும் பையை வைத்துக்கொண்டு ஓட்டத் தேவையில்லை.

செல் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள். கொலுசில் பற்றவைத்துப் பழகிய கைதான் என்னுடையது, ஆனாலும் செல்லுக்கு ஸ்பாட் வெல்டிங்தான் செய்வேன், இல்லாவிட்டால் திருகு முனையோடு வருவதை வாங்கி நட்டுப் போட்டு முறுக்குவேன். சால்டர் சூடு உள்ளே இறங்கினால் செல் அன்றே சாகாது, ஆறு மாதம் கழித்து எட்டில் ஒன்று மட்டும் சீக்கிரம் காலியாகும், காரணம் கடைசி வரை பிடிபடாது.

சங்ககிரி_24வோல்ட்

எடை, எடை என்கிறாய் தம்பி. டாங்கிக்கு எடை எப்போது எதிரியானது? நிஜ விஜயந்தா 39 டன். 1/6 அளவு என்றால் எடை 216-இல் ஒரு பங்கு, 180 கிலோ வர வேண்டும். அண்ணன் கட்டுவது 80. நடுவில், தரையை ஒட்டி 11 கிலோ ஈயம் உட்கார்ந்தால் வண்டி குலுங்காமல் கனமாக நகரும், வீடியோவில் பார்க்கவே தனி அழகு. நாலரை கிலோ வைத்துவிட்டு அப்புறம் இரும்புத் தகடு வாங்கிப் போடுவீர்களா?

விலையையும் சொல். ஈயத்துக்குக் கொடுப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு முதலிலேயே போடணும். மேலே அச்சடித்த ஏஎச் உள்ளே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, 18650 செல் மேல் 9900 என்று ஒட்டி விற்கிறார்கள், அந்த அளவில் உண்மையான நல்ல செல்லே 3500-ஐச் சுற்றித்தான்.

கொலுசுப்பட்டறை

போலி செல் இருப்பது உண்மை. அதனால்தான் சோதித்து வாங்கு என்கிறோம், ஈயத்துக்கே போ என்றா அர்த்தம்? மூன்று வருஷம் போட்டுப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும்.

ஆவடி_ஓய்வு

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கொண்டலாம்பட்டி நண்பரே, பேட்டரியைப் பற்றிப் பேசும் முன் எனக்கு நான்கு அளவு வேண்டும். டிராக்கை ஓட்டும் பின் சக்கரத்தின் விட்டம், மோட்டாருக்கும் அதற்கும் நடுவே எத்தனை பல்லுக்கு எத்தனை பல், தரையில் படியும் டிராக்கின் நீளம், இரண்டு டிராக்கின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம். எத்தனை ஆம்பியர் என்று தெரியாமல் ஈயமா லித்தியமா என்று வாதம் செய்வது பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் உலை வைப்பது போல.

கொண்டலாம்பட்டி_தறி

ஐயா, பின் சக்கரம் 12 செ.மீ. மோட்டாரில் 9 பல், சக்கரத்திலும் 9, நேரடியாகச் செயின். தரையில் படிவது 70 செ.மீ., டிராக் நடுவிலிருந்து நடு 42.

ஆவடி_ஓய்வு

நன்றி. நேராக ஓடும்போது எஃகு டிராக்கின் உராய்வு எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 8 கிலோ இழுவிசை போதும். ஐந்தடி ஓட்டத்துக்கு ஓரடி உயரும் மேடு என்றால் கூடுதலாக 16, ஆக 24 கிலோ. எல்லோரும் மேட்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நின்ற இடத்தில் வண்டியைச் சுழற்றும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 70 செ.மீ. நீளப் பட்டை முழுவதும் தரையில் பக்கவாட்டில் அரைக்கப்பட வேண்டும். உராய்வு 0.6 என்றால், எடை × உராய்வு × நீளம் ÷ 4 என்று போட்டு, வந்ததை 42 செ.மீ. அகலத்தால் வகுத்தால், திருப்புவதற்கு மட்டும் ஒவ்வொரு டிராக்குக்கும் 20 கிலோ. ஓட்ட உராய்வையும் சேர்த்தால் பக்கத்துக்கு 24, இரண்டும் சேர்ந்து 48 கிலோ. நேராக ஓடுவதைப் போல் ஆறு மடங்கு, மேடு ஏறுவதைப் போல் இரண்டு மடங்கு. உங்கள் மாமாவின் சிமெண்ட் களம்தான் அந்த மண் பாதையைவிடப் பேட்டரியைத் தின்னும்.

இப்போது மோட்டார். அந்த கியர் பெட்டியின் வெளித்தண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சுற்று, 250 வாட்டுக்கு முறுக்கு விசை 8 நியூட்டன் மீட்டர். உங்கள் 6 செ.மீ. ஆரத்தில் 24 கிலோ இழுக்க 14 வேண்டும். ஒன்றுக்கு ஒன்று செயின் போட்டால் திருப்பும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை அதன் அளவுக்கு மேல் முக்கால் பங்கு கூடுதலாக வதைக்கிறீர்கள். அளவான மின்னோட்டம் 13.7 ஆம்பியர், நீங்கள் இழுப்பது ஒரு பக்கம் 25-ஐ ஒட்டும், இரண்டு பக்கமும் 50-க்குப் பக்கம். சக்கரத்தில் 18 பல் போடுங்கள். முறுக்கு விசைத் தேவை பாதியாகி 7-க்கு வரும், திருப்பும்போதும் மோட்டார் தன் அளவுக்குள் இருக்கும், பேட்டரியிலிருந்து மொத்தமே 25, 28 ஆம்பியர்தான். ஒரு ஸ்பிராக்கெட் காசில் பேட்டரி, கன்ட்ரோலர், கேபிள், ஃபியூஸ் எல்லாவற்றின் தேவையும் பாதியாகிறது.

வேகம் மணிக்கு 6.8 கி.மீ.யிலிருந்து 3.4-க்கு இறங்கும். நிஜ வண்டி 50 கி.மீ.யை ஒட்டி ஓடியது, 1/6 என்றால் 8 கி.மீ. ஆனால் முழு வேகத்தில் ஓடும் டாங்கியை யார் பார்த்திருக்கிறார்கள்? நாங்கள் ஆவடி டாங்கி ஆலைக்குள் பார்த்ததெல்லாம் உறுமிக்கொண்டு நகர்வதுதான்.

கொண்டலாம்பட்டி_தறி

ஐயா, இரண்டு நாளாகப் பேட்டரி விளம்பரமாகவே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது கண்ணைத் திறந்தது. 18 பல் மாற்றிவிடுகிறேன், இடமும் இருக்கிறது. ஈர மண்ணில் திருப்பினால் குறையுமா, வழுக்குமே?

ஆவடி_ஓய்வு

குறையாது. சிமெண்டில் பட்டை வழுக்கிச் செல்லும். நனைந்த செம்மண்ணில் அது புதைந்து, பக்கவாட்டில் மண்ணைத் தள்ளி வரப்பு போலக் குவிக்கும், அந்த மண்ணையும் சேர்த்துத் தள்ள வேண்டும். மண்ணில் நின்ற இடத்தில் சுழற்றாதீர்கள், ஓடிக்கொண்டே அகலமாக வளையுங்கள். டிராக் கழன்று வருவதும் பெரும்பாலும் அந்தச் சுழற்சியில்தான்.

கொலுசுப்பட்டறை

ஐயா சொன்ன கணக்கை வைத்து, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலருக்கு வருகிறேன். மலிவாக 43 ஆம்பியர் என்று ஒரு போர்டு எல்லாக் கடையிலும் இருக்கிறது, உள்ளே பிடிஎஸ்7960 சிப். அந்த 43 நொடிப்பொழுது உச்சம், சின்ன ஹீட்சிங்கோடு தொடர்ந்து ஓட 10, 15-க்கு மேல் நம்பக் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம் வோல்டேஜ். அந்தச் சிப்பின் எல்லை 27-ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. முழுசாக நிரம்பிய இரண்டு ஈய பேட்டரியே சார்ஜரிலிருந்து எடுத்ததும் அதன் பக்கத்தில் நிற்கும், எட்டு செல் எல்எஃப்பி 29.2. போட்டதுமே எல்லை தாண்டிவிடும்.

சேபர்டூத் 2×25 பலர் வைத்திருக்கிறார்கள், நல்ல சாமான், ஆனால் அதன் உச்ச எல்லை 30 வோல்ட், எல்எஃப்பிக்கு இடைவெளியே இல்லை. 2×32 என்றால் 33.6 வரை தாங்கும், பக்கத்துக்கு 32 ஆம்பியர். சைட்ரானின் எம்டிடிஎஸ்30 பக்கத்துக்கு 30 ஆம்பியர், 35 வோல்ட் வரை. இரண்டில் எது கிடைத்தாலும் சரி, ரேடியோ ரிசீவரை நேராகச் செருகலாம், முன்பின்னையும் திருப்பத்தையும் இரண்டு டிராக்குக்கும் கலந்து கொடுக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மோட்டார் நின்றுபோனால் எவ்வளவு இழுக்கும் என்று பார்க்க ஒரு சுலப வழி. தண்டை வைஸில் பூட்டி, பெஞ்ச் சப்ளையில் 2 ஆம்பியர் மட்டும் விட்டு, மோட்டார் முனையில் வோல்டேஜைப் படியுங்கள். 0.6 வோல்ட் காட்டினால் தடை 0.3 ஓம், 24-ஐ அதால் வகுத்தால் 80 ஆம்பியர். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் பாருங்கள், பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து மாறும். அந்த 80-ஐக் கன்ட்ரோலர் தன்னைத் தானே கட்டுப்படுத்திக் காப்பாற்ற வேண்டும், அப்படிச் செய்யும் போர்டைத்தான் வாங்க வேண்டும்.

ஏற்காடு_சில்வர்ஓக்

இழையை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் காபிப்பழ மூட்டை இழுக்க டிராக் வைத்த ஒரு வண்டி ஓடுகிறது, ரேடியோவில்தான். டாங்கி இல்லை, ஆனால் பாடு அதே பாடு.

மேட்டில் ஏறுவதை எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டீர்கள், இறங்குவதை யாரும் சொல்லவில்லை. இந்த நல்ல கன்ட்ரோலர்கள் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரை டைனமோவாக்கி மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். ஈயம் அதை வாங்கிக்கொள்ளும், முனகாது. எல்எஃப்பியில் நடுவே பிஎம்எஸ், அதாவது செல்களைக் காக்கும் போர்டு இருக்கிறது. காலையில் 29.2 வரை முழுசாக நிரப்பிக்கொண்டு வந்து, மேலே களத்திலிருந்து நேராக இறக்கத்தில் விட்டால், ஒரு செல் மட்டும் எல்லை தாண்டினாலும் பிஎம்எஸ் உள்ளே வரும் வழியை மூடிவிடும். திரும்பி வந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, கன்ட்ரோலரில் வோல்டேஜ் ஏறும், அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். உங்கள் மோட்டாரின் கியர் தானாகப் பூட்டாது. 80 கிலோ இரும்பும் மரமும் பிரேக் இல்லாமல் கீழே போகும்.

மேலே ஓட்டும் நாளில் 28 வோல்ட்டோடு சார்ஜை நிறுத்துங்கள், செல்லுக்கு 3.5. கொள்ளளவில் பெரிய இழப்பு இல்லை. முதல் கொஞ்ச நேரம் சமதரையில் ஓட்டிவிட்டு இறங்குங்கள். இன்னொரு தடவை கட்டினால் சக்கர நாற்காலி மோட்டாரைப் பாருங்கள், கரண்ட் போனால் தானாகப் பிடிக்கும் காந்த பிரேக்கோடு வரும். இப்போதைக்கு நிறுத்தும் இடத்தில் டிராக்குக்கு அடியில் கட்டை வையுங்கள், 20 கொண்டை ஊசி ஏறி வரும் எங்கள் ஊர் வேன்காரர்கள் வைப்பதுதான்.

சங்ககிரி_24வோல்ட்

பார்த்தாயா தம்பி, ஈயம் முனகாது என்று வேறு ஒருவரும் சொல்லிவிட்டார்.

கொலுசுப்பட்டறை

28-இல் நிறுத்தினால் லித்தியமும் முனகாது என்றும் சொல்லியிருக்கிறார், அதையும் படிங்க அண்ணா.

கொண்டலாம்பட்டி_தறி

சண்டை சுவாரசியமாக இருக்கிறது, நடத்துங்கள். ரேடியோ? எஸ்டேட்டில் சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக் கொடி, கீழே காபி. மழை நாளில் எல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். தூரம் பிடிக்க 915 மெகாஹெர்ட்ஸ் வாங்கு என்கிறார் வீடியோவில் ஒருவர்.

ஏற்காடு_சில்வர்ஓக்

915 வேண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டிருப்பது 865-லிருந்து 868 வரை, 915 அதில் வராது, 900-ஐச் சுற்றி மொபைல் போன் கம்பெனிகள் இருக்கின்றன. எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் என்ற நெடுந்தூர ரேடியோ முறையில் இந்தியாவுக்கென்றே 866 அமைப்பு இருக்கிறது, தூரம்தான் வேண்டும் என்றால் அது. ஆனால் உங்களுக்குத் தூரம் எதற்கு? 60, 70 மீட்டர் தள்ளிப் போனால் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. காலையில் மூடுபனி இறங்கினால் 20 மீட்டரில் வண்டியே இருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். ஈர இலை அதை உறிஞ்சும் என்பது உண்மை, அந்தத் தூரத்துக்கு அது ஒரு தடையே இல்லை.

ரேடியோவில் பார்க்க வேண்டியது சிக்னல் போனால் என்ன செய்யும் என்பது. எங்கள் வண்டிக்கு முதலில் வந்த மலிவு செட்டின் ரிசீவர், சிக்னல் அறுந்ததும் கடைசியாக வந்த உத்தரவைப் பிடித்துக்கொண்டது. மூட்டையோடு வண்டி நிதானமாகப் போய்க் காபி வரிசைக்குள் நுழைந்து, இரண்டு செடியை வேரோடு சாய்த்து, மூன்றாவதில் ஏறி டிராக் மட்டும் சுற்றிக்கொண்டு நின்றது. பக்கத்தில் போய்ச் சுவிட்சை அணைக்கக் கூட பயமாக இருந்தது, டிராக்குக்கு நடுவில்தான் கை விட வேண்டும்.

ஐ6-இல் ஃபெயில்சேஃப் மெனு இருக்கிறது, ஒவ்வொரு சேனலுக்கும் நீங்களே நடுநிலையை அமைக்க வேண்டும். அமைத்துவிட்டு வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, டிராக் அந்தரத்தில் ஓடும்போது கையில் இருக்கும் ரேடியோவை அணையுங்கள். இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் இதைச் செய்யுங்கள். கிளப்பும்போது ரேடியோ முதலில், வண்டி பிறகு. அணைக்கும்போது வண்டி முதலில்.

இன்னொன்று, இடது குச்சி விமான த்ராட்டிலுக்கானது, விட்ட இடத்தில் நிற்கும். டாங்கிக்கு விட்டதும் நடுவுக்கு வர வேண்டும். வலது குச்சி ஒன்றிலேயே முன்பின்னும் திருப்பமும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் போடுங்கள். முன்பின்னையும் திருப்பத்தையும் கலக்கும் வேலையை ரேடியோவில் வைத்தால் கன்ட்ரோலரில் வைக்காதீர்கள், இரண்டிலும் வைத்தால் நேராகத் தள்ளும்போது ஒரு டிராக் மட்டும் ஓடும், மோட்டார் பழுது என்று நினைத்துப் பிரித்துப்போட்டுவிடுவீர்கள்.

கொலுசுப்பட்டறை

கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ரேடியோமாஸ்டரில் ஒன்று எடுங்கள். எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் ஒவ்வொரு சேனலுக்கும் மெதுவாக ஏறு, மெதுவாக இறங்கு என்று வைக்கலாம். குச்சியை முழுசாகத் தள்ளினாலும் டாங்கி ஒரு நொடி எடுத்துக்கொண்டு கிளம்பும். பார்க்கவும் கனமாக இருக்கும், தொடக்க ஆம்பியரும் குறையும். ஏறுவதற்கு ஒரு நொடி, இறங்குவதற்குக் கால் நொடிக்கு மேல் வைக்காதீர்கள், குழந்தை குறுக்கே வந்தால் உடனே நிற்க வேண்டும்.

ஆண்டெனா உலோகத்துக்குள் இருந்தால் எந்த ரேடியோவும் வேலை செய்யாது, உங்கள் மேல்தகடு அலுமினியம். ரிசீவர் ஒயரில் கடைசி 31 மி.மீ. மேலுறை உரித்த பகுதிதான் உண்மையான ஆண்டெனா, அது தகட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். நிஜ டாங்கியில் கோபுரத்தின் பின்னால் கம்பி ஆண்டெனா நிற்குமே, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நட்டு அதற்குள் விட்டுவிடுங்கள், அலங்காரமும் ஆயிற்று. பிரஷ் மோட்டார் இரைச்சலுக்கு இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், ஒவ்வொரு முனையிலிருந்தும் உடலுக்கு ஒன்று.

சங்ககிரி_24வோல்ட்

நிறுத்துவதைப் பற்றி என் பங்குக்கு. ஃபெயில்சேஃப் நல்லதுதான், ஆனால் அது கன்ட்ரோலர் உயிரோடு இருந்தால்தான். உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ரிசீவர் என்ன சொன்னாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். அதற்கு லாரியின் சிவப்புச் சாவிக் கட்-ஆஃப், டாங்கியின் பின்பக்க மேல்தட்டில், குனியாமல் கை எட்டும் இடத்தில். டிராக்குக்கு நடுவில் வேண்டாம், மேலே ஏற்காடு நண்பர் சொன்னதைப் படித்தீர்கள். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனியாக 30. முக்கிய கேபிள் 6 சதுர மி.மீ. செம்பு, செம்புதானா என்று ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம்.

லக்கைக் கிரிம்ப் செய்யுங்கள், வெறும் முறுக்கில் விடாதீர்கள். கருகிய ஃபியூஸ் பெட்டியை வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன், ஃபியூஸ் போயிருக்காது, அதன் கால் நீலம் பாரித்திருக்கும், பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கும், பிளாஸ்டிக் அந்தப் பக்கம் மட்டும் பழுப்பாக உருகியிருக்கும். ஆம்பியர் அதிகமானதால் இல்லை, இணைப்பு தளர்ந்ததால்.

பேட்டரி விஷயத்தில் ஒரு யோசனை, நான் தோற்றதாக நினைக்க வேண்டாம். வீட்டிலோ தெரிந்த கடையிலோ யுபிஎஸ் பேட்டரி இரண்டு இரவல் வாங்குங்கள். 18 பல் போட்டு, டிசி கிளாம்ப் மீட்டரை பிளஸ் கேபிளில் மாட்டி, மைதானத்திலும் சிமெண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஏசி மட்டும் காட்டும் கிளாம்ப் உதவாது. எத்தனை ஆம்பியர் என்று வந்ததும் காசைப் போடுங்கள். ஆரம்பத்தில் தப்பாக இணைத்தாலும், பிரேக்கில் கரண்ட் திரும்பினாலும் ஈயம் மன்னித்துவிடும்.

ஆவடி_ஓய்வு

இதற்கு நான் முழுக்க உடன்படுகிறேன். அளந்தபின் லித்தியத்துக்குப் போங்கள், சங்ககிரி நண்பர் கோபித்துக்கொண்டாலும் சரி. பிஎம்எஸ் தொடர்ந்து 60 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும், 28 இழுக்கும் வண்டிக்கு 30 போட்டால் சரியாகத் திருப்பும் நேரத்தில் வெட்டிவிடும். ஈய சார்ஜரை அதில் மாட்டாதீர்கள், சில சார்ஜர்கள் தகடு சுத்தம் செய்ய உயர் வோல்டேஜ் துடிப்பு அனுப்பும்.

கொண்டலாம்பட்டி_தறி

மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன், யுபிஎஸ் பேட்டரி பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் இரவல். நேராக 4 ஆம்பியர், நின்ற இடத்தில் சுழற்றினால் சிமெண்டில் 27, புல்லில் 31. ஐயா கணக்கு அப்படியே நிற்கிறது. முடிவு இதுதான்: சைட்ரான் எம்டிடிஎஸ்30, 24 ஏஎச் எல்எஃப்பி, 60 ஆம்பியர் பிஎம்எஸ், ரேடியோமாஸ்டரில் 2.4. ஈயத்தைவிடக் குறையும் எடைக்கு ஈடாகத் தரைத்தட்டில் இரும்புத் தகடு போடப்போகிறேன், சங்ககிரி அண்ணன் சிரிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கோபுரம் சுற்றணும், குழல் ஏறி இறங்கணும், ஆண்டெனாவும் கோபுரத்தில்தான். ஒயர் முறுக்கிக்கொள்ளாதா?

ஆவடி_ஓய்வு

ஸ்லிப் ரிங் என்று விரல் அளவில் 12 ஒயரோடு கிடைக்கும், ஒயருக்கு 2 ஆம்பியர் போதும், நடு அச்சில் மாட்டுங்கள். ரிசீவரைக் கோபுரத்திலேயே வைத்துவிட்டால் ஆண்டெனா ஒயர் ரிங் வழியாகப் போக வேண்டியதில்லை, அது போகவும் கூடாது. கீழே இறங்குவது கன்ட்ரோலருக்கான இரண்டு சிக்னல் ஒயரும், கோபுரம் சுற்றும் மோட்டாருக்கு ஒன்றும், 5 வோல்ட் பிளஸ் மைனஸும்தான். மைனஸுக்கு மட்டும் இரண்டு ஒயரைச் சேர்த்துப் போடுங்கள். ரிங்கில் அந்த ஒன்று விட்டுவிட்டுத் தொட்டால் ரிசீவர் அணைந்து அணைந்து எரியும்.

சங்ககிரி_24வோல்ட்

இரும்புத் தகடு எத்தனை கிலோ அண்ணா?

கொண்டலாம்பட்டி_தறி

ஆறரை.